வேகம், திசைவேகம், உந்தம்: செம்பூர்ச் சூழலை முன்வைத்து ஒரு சொல்வரலாறு

நகரும் பொருளின் நிறையைத் திசைவேகத்தால் பெருக்க உந்தம் கிடைக்கும் என்பது தமிழகப் பள்ளி இயற்பியலின் தொடக்கப் பாடமாகும். இவ்வாய்பாட்டிலுள்ள மூன்று சொற்களுள் உந்தம் ஒன்றே தமிழகத்திலும் இலங்கையிலும் ஒரே பொருளில் வழங்குகிறது. இவ்வேறுபாட்டின் வரலாற்றையும், மும்பையின் செம்பூர் போன்ற பன்மொழிச் சூழலில் அது பெறும் பொருளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வேகம்: முற்பொருள்

வேகம் வடசொல். தருக்க நூலார் சமுக்காரம் என்னும் குணத்தை வேகம், பாவனை, வளைத்த பொருளைப் பழைய நிலைக்கு மீட்பது என மூவகைப்படுத்துவர். 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தருக்கசங்கிரகத்தைத் தமிழாக்கியதன்வழி இக்கருத்து தமிழிலும் இடம்பெற்றது. அங்கு வேகம் என்பது கடந்த தொலைவின் அளவன்று. இயங்கும் பொருளில் தங்கி அதனை மேலும் இயங்கச் செய்யும் குணமாகும். இன்றைய உந்தத்திற்கு அது நெருங்கியது எனலாம். ஆயினும் நிறையோடு பெருக்கிக் காணும் கணக்கு அதில் இல்லையாதலின் இரண்டும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது.

திசையின் இடம்

ஐரோப்பாவிலும் இக்கருத்து எளிதில் தெளிவுபெறவில்லை. டெகார்ட்டு 1644இல் இயக்க அளவைப் பொருளின் பருமையும் வேகமும் சேர்ந்ததாகக் கொண்டார். திசையைக் கணக்கில் சேர்த்திலர். அதனால் மோதல் பற்றிய அவர்தம் விதிகள் பல பிழைபட்டன. ஐகன்சு 1669இல் வெளியிட்ட மோதல் விதிகள் திசையின் இன்றியமையாமையைப் புலப்படுத்தின. 1687இல் நியூட்டனின் நூல் இயக்க அளவை வரையறுத்து, அதன் மாற்றத்தை விசையோடும் திசையோடும் இணைத்தது.

பிரிந்த வழக்குகள்

தமிழில் கலைச்சொல்லாக்கம் 1916இல் சேலத்தில் இராசாசி முதலியோர் எடுத்த முயற்சியால் இயக்கமாக உருப்பெற்றது. பின்னர்த் தமிழகமும் இலங்கையும் தனித்தனியே பாடநூல்கள் படைத்தன. தமிழகத்தில் திசையற்ற அளவு வேகம், திசையுடையது திசைவேகம். இலங்கையில் முன்னது கதி, பின்னது வேகம். தமிழகத்தார் நிறை என்பதை இலங்கையார் திணிவு என்பர். தமிழகத்தார் எடை என்பதே அங்கு நிறை. ஆகவே, 'நிறையை வேகத்தால் பெருக்குக' என்னும் தொடர் ஈரிடத்தும் இருவேறு கணக்கைக் குறிக்கும்.

செம்பூர்ச் சூழல்

செம்பூர்த் தமிழ் மாணாக்கர்க்கு மூன்றாவது வழக்கொன்றும் எதிர்ப்படுகிறது. மராத்தி, இந்தி அறிவியல் பாடங்களில் 'சால்' திசையற்ற அளவு, 'வேக்' திசையுடையது, உந்தம் 'சம்வேக்'. வீட்டில் தமிழகப் பாடநூலைப் புரட்டும் பிள்ளை வேகம் என்றும், பள்ளியில் வேக் என்றும் ஒரே வேர்ச்சொல்லை இருபொருளில் கேட்க நேர்கிறது. இதில் மராத்தி வழக்கு இலங்கைத் தமிழோடு ஒத்துத் தமிழக வழக்கோடு மாறுபடுதல் நோக்கத்தக்கது.

இது சொல் வேறுபாட்டளவில் நிற்பதன்று. செம்பூர் நிலையத்தில் 400 டன் நிறையுள்ள இரு மின்தொடர் வண்டிகள், ஒன்று பன்வேல் நோக்கியும் மற்றொன்று சிவாஜி முனையம் நோக்கியும், வினாடிக்கு 10 மீட்டர் வீதம் செல்வதாகக் கொள்வோம். ஒவ்வொன்றின் உந்தமும் 40 இலட்சம் கிலோகிராம் மீட்டர்/வினாடி. திசையைக் கருதினால் இரண்டின் கூட்டுத்தொகை சுழி. கருதாவிடின் 80 இலட்சம். டெகார்ட்டு விட்ட திசையை, சொல்லின் மயக்கத்தால் மாணாக்கனும் விட்டுவிட இடமுண்டு.

நிறைவாக

உந்து என்னும் வினையடியாகப் பிறந்த உந்தம், அண்டை மொழிச் சொல் எதனோடும் மயங்காமையால் நிலைபெற்றது. திசைவேகம் தன் இலக்கணத்தைத் தன் பெயரிலேயே கொண்டுள்ளது. ஒருவழக்கை நீக்கி மற்றொன்றைத் திணிப்பதினும், புலம்பெயர்ந்தோர்க்கான பாடநூல்களில் தமிழகம், இலங்கை, உள்ளூர் மொழி ஆகிய மூன்றன் சொற்களையும் வரையறையோடு அருகருகே தருவதே தக்கது என்பது இவ்வாய்வால் பெறப்படுகிறது.