மூச்சு வாங்கினால் உட்கார வேண்டுமா?

 

"மூச்சு வாங்குதா? நடக்காதே, உட்கார்." நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களிடம் நாம் இப்படித்தான் சொல்கிறோம். விறகடுப்புப் புகையிலேயே காலம் கழித்த என் அக்காவிடம் நானும் அதையே சொன்னேன். ஒரு காலத்தில் மருத்துவர்களும் ஓய்வைத்தான் எழுதிக் கொடுத்தார்கள்.

1952-இல் நியூயார்க் மருத்துவர் ஆல்வன் பாராக் ஒன்றைக் கவனித்தார். ஆக்சிஜன் பெற்றுக்கொண்டே நடந்த நோயாளிகள், நாளடைவில் அதிகமாக நடந்தார்கள். விளையாட்டு வீரர் பயிற்சியால் தேறுவது போல இது இருக்கலாம் என்று எழுதினார். அப்போது பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1960-களில் டென்வர் நகரில் டாக்டர் தாமஸ் பெட்டி, கையோடு எடுத்துச் செல்லும் ஆக்சிஜனைக் கொடுத்து நோயாளிகளை நடக்க வைத்தார். மூச்சுப் பயிற்சியும் சேர்த்து அதை ஒரு முறையான திட்டமாக்கினார்.

பிரிட்டனில் 1976-இல், 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளக்கத் தொடங்கினார்கள். 1982-இல் 6 நிமிடமே போதும் என்று கண்டார்கள். இன்றும் அந்த 6 நிமிட நடைதான் சோதனை. 1996-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பயிற்சியால் மூச்சிரைப்பு குறைவது உறுதியானது.

கெட்டுப்போன நுரையீரல் இதனால் சரியாகிவிடாது. தேறுவது கால் தசை. உட்கார்ந்தே இருந்தால் தசை மெலியும். மெலிந்த தசை சீக்கிரம் களைத்து அதிக மூச்சைக் கேட்கும். மூச்சு வாங்குவதால் மறுபடி உட்காருவோம். பயிற்சி இந்தச் சுழலை உடைக்கிறது.

உடல் பருமனும் சேர்ந்தால்? மூட்டு வலியால் நடப்பது இன்னும் கடினமாகலாம். சிட்னியில் இப்படிப்பட்டவர்களை வெதுவெதுப்பான நீச்சல் குளத்தில் பயிற்சி செய்ய வைத்தார்கள். நீர் உடல் எடையைத் தாங்கிக்கொண்டது. தரையில் பயிற்சி செய்தவர்களைவிட இவர்கள் அதிகம் தேறினார்கள் என்று 2013-இல் வெளியிட்டார்கள்.

அக்காவுக்கு இதெல்லாம் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் நாற்காலியிலேயே இருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது "எவ்வளவு நடக்கலாம்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் அளவில் தொடங்குங்கள். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்துங்கள். கூடவே ஒருவர் நடந்தால் இன்னும் நல்லது.