காப்பீடு ஒழிக்காத நிவாரணம்: அமெரிக்க உழவர்க்கும் கால்நடைப் பண்ணையாளர்க்கும் பேரிடர்ப் பணம், 1887–2024

1887 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லாந்து ஒரு சிறிய மசோதாவுக்கு ஒப்புதல் தர மறுத்தார். வறட்சியில் விதைத் தானியத்தையும் இழந்த டெக்சாஸ் உழவர்களுக்கு விதை வாங்கித் தர 10,000 டாலர் கேட்ட மசோதா அது. தனிமனிதர் துயர் துடைக்கப் பொதுப்பணத்தைச் செலவிட அரசமைப்பில் இடமில்லை, நாட்டாரின் ஈகையே போதும் என்பது அவர் வாதம். 2024 டிசம்பரில் அதே நாட்டின் காங்கிரஸ், ஈராண்டுப் பேரிடர் இழப்புகளுக்காக உழவர்களுக்கு ஏறத்தாழ 2,100 கோடி டாலர் ஒதுக்கியது. இடைப்பட்ட வரலாற்றை அரசின் இரக்கம் பெருகிய கதையாகப் படிப்பது எளிது. ஆனால் நிவாரணத்தை நிறுத்த எடுத்த முயற்சிகள் தோற்றதுதான் அதன் பெரும்பகுதி.

கிளீவ்லாந்தின் வாதத்தில் முதல் பெரிய உடைப்பு 1934இல் நேர்ந்தது. புல்லும் நீரும் வற்றிய மாவட்டங்களில் மாடுகளை அரசே விலைக்கு வாங்கியது. வயதையும் நிலையையும் பொறுத்துத் தலைக்கு 4 முதல் 20 டாலர். உண்ணத் தக்கவை இறைச்சியாகி ஏழைகளுக்குப் போயின. நோஞ்சான்களை அங்கேயே சுட்டுப் புதைத்தார்கள். மொத்தம் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள். இத்திட்டத்தின் நுட்பம் பணத்தைப் பிரித்த விதத்தில் இருக்கிறது. மாட்டின் விலையாகத் தந்த தொகையை அடமானம் பிடித்த வங்கி எடுத்துக்கொள்ளலாம். உதவித்தொகை என்று தனியே தந்ததை வங்கி தொட முடியாது. நிவாரணப் பணம் கடைசியில் யார் கைக்குப் போகும் என்பதை இவ்வளவு தெளிவாக யோசித்த ஏற்பாடு பின்னாளிலும் அரிது.

1938இல் கூட்டாட்சிப் பயிர்க் காப்பீடு வந்தது, முதலில் கோதுமைக்கு மட்டும். நெடுங்காலம் அது வளரவில்லை. 1973ஆம் ஆண்டுச் சட்டம் கோதுமை, தீவனத் தானியம், பருத்தி விளைவிப்போருக்குப் பிரீமியமே இல்லாமல் பேரிடர்த் தொகை தந்தது. விளைச்சல் நம்பகமற்ற நிலத்திலும் விதைக்க இது தூண்டியது என்ற குறை எழுந்தது. அது நியாயமான குறையே. எனவே 1980இல் பிரீமியத்துக்கு மானியம் கொடுத்து, இலவசத் தொகையைக் கைவிட முடிவானது. ஆனால் 1988இன் கடும் வறட்சி வந்தபோது, தகுதியுள்ள நிலத்தில் ஏறத்தாழக் கால்பங்குதான் காப்பீட்டில் இருந்தது. அது தேர்தல் ஆண்டும்கூட. காங்கிரஸ் 300 கோடி டாலருக்கு மேல் அள்ளிக் கொடுத்தது. 1994இல் மீண்டும் சீர்திருத்தம், 1998இல் மீண்டும் சிறப்பு நிவாரணம்.

இந்த இழுபறியில் கால்நடைப் பண்ணையாளர் நிலை வேறு. பயிர்க் காப்பீடு அவர்களது மந்தையைக் காக்கவில்லை. மாடு சாவு, மேய்ச்சல் இழப்பு ஆகியவற்றுக்கு 2008ஆம் ஆண்டு வேளாண் சட்டம் திட்டங்கள் வகுத்தும், அவை 2011 செப்டம்பருக்குப் பிந்திய இழப்புகளுக்குச் செல்லாமல் போயின. 2013 அக்டோபர் தொடக்கத்தில் தெற்கு டகோட்டாவில் எதிர்பாராத பனிப்புயல் வீசியது. குளிர்கால ரோமம் முளைக்காத மாடுகள் கோடை மேய்ச்சல் வெளியிலேயே ஆயிரக்கணக்கில் மடிந்தன. அப்போது திட்டமும் இல்லை. அரசு முடக்கத்தால் வேளாண் அலுவலகங்களும் பூட்டிக் கிடந்தன. அடுத்த பிப்ரவரியில் நிறைவேறிய சட்டம் அத்திட்டங்களை முடிவுத் தேதியின்றி நிலைநிறுத்தி, 2011 அக்டோபர் முதலான இழப்புகளுக்கும் முன்தேதியிட்டுப் பணம் தந்தது. இறந்த மாட்டுக்குச் சந்தை மதிப்பில் 75 விழுக்காடு. மேய்ச்சல் இழப்புக்கோ, வாரந்தோறும் வெளியாகும் வறட்சி வரைபடமே அளவுகோல்: ஒரு மாவட்டம் கடும் வறட்சி நிறத்தில் தொடர்ந்து 8 வாரம் இருந்தால் ஒரு மாதத் தொகை என்று அச்சட்டம் வகுத்திருந்தது.

பயிர்களுக்கு இத்தகைய நிலைத்த விதி உருவாகவில்லை. 2017 முதல் புயலுக்குப் புயல் சிறப்பு ஒதுக்கீடுதான். அந்த ஆண்டின் இழப்புகளுக்கான ஒதுக்கீட்டோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்தது: நிவாரணம் பெறுபவர் அடுத்த இரு பயிர் ஆண்டுகளுக்குக் காப்பீடு எடுத்தாக வேண்டும். நிவாரணத்தை அகற்றுவதற்காக 1980இல் காப்பீட்டுக்கு மானியம் கொடுத்த அரசு, இப்போது காப்பீட்டில் ஆள் சேர்க்க நிவாரணத்தையே கருவியாக்கியிருக்கிறது.