பறங்கியின் மையில் நம் கிளர்ச்சி

சென்ற இதழில், 1619இல் யாழ்ப்பாண அரசின் தலைநகர் நல்லூர் பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், கையில் வீழ்ந்ததோடு நிறுத்தியிருந்தேன். கடல்வழியே தப்ப முயன்ற அரசன் சங்கிலி குமாரனைப் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். பாடப்புத்தகங்கள் அந்த அரசின் கதையை இதோடு மூடிவிடும். அரசன் போன பிறகும் சனங்கள் அடங்கவில்லை என்பதைத்தான் இந்த வாரம் சொல்ல வேண்டும்.

பருத்தித்துறை முனையில், வெளிச்சவீட்டுப் பக்கம் போய் நின்று பாருங்கள். அலை விலகும்போது கல் தலைகாட்டும். அந்தக் கல்லைப் பார்த்துத்தான் போர்த்துக்கேயர் 'பொந்தா தாஸ் பெத்ராஸ்', அதாவது கல்முனை, என்றார்கள். ஆங்கிலேயர் வாயில் அது 'பொயின்ற் பெட்ரோ' ஆகி, உலக வரைபடத்தில் இன்றும் நிற்கிறது. எதிரே, காற்று வாய்த்தால் ஓர் இரவுப் பயணத்தில், கோடிக்கரை. கடலோடிகளுக்கு அது அக்கரையல்ல, அயல்வீடு. சனங்களின் கிளர்ச்சிக்கு உதவத் தஞ்சை ரகுநாத நாயக்கர் அனுப்பிய படைகள் தாண்டி வந்ததும் இந்தப் பாக்குநீரிணையைத்தான்.

1620இல் அந்தக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவன் மிகப்பிள்ளை ஆராச்சி. கரையார் சமூகத் தலைவன், ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன். 1618இல் சங்கிலிக்கு எதிராகக் கிளம்பியவனும் இவனே. அந்நியப் படை ஊருக்குள் குடியேறியதைக் கண்ட பின் அதே மனிதன் பறங்கிக்கு எதிராக வாளெடுத்தான். இந்தப் போராட்டத்தை மதச்சண்டை என்று மட்டும் எழுதுகிறவர்கள் இவனை எங்கே வைப்பார்கள்?

கிளர்ச்சி 1621 வரை இழுத்தது. போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேரா அதை அடக்கினான். தலைநகரை நல்லூரிலிருந்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாற்றி, நல்லூர்க் கந்தசுவாமி கோயிலையும் இடித்துத் தள்ளினான்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? பெரும்பகுதி போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் எழுதிவைத்தது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில், கோவாவிலிருந்து, வென்றவர் பக்கம் நின்று எழுதினார். நம்மவரான மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலைகூட ஓர் ஒல்லாந்த அதிகாரி கேட்டு எழுதப்பட்டதுதான். மிகப்பிள்ளையோடு நின்று செத்தவர்களின் பெயர்களை எந்தப் பக்கத்திலும் காணோம்.

எஞ்சியதையும் காக்க முடியாத மண் இது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. வடமராட்சி வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் பழைய காணி உறுதியோ, தோம்பு எனும் காணிப் பதிவேட்டின் பிரதியோ, ஓர் ஒற்றை ஏடோ கிடந்தால் கறையானுக்கு விட்டுவிடாதீர்கள். படம் பிடித்து, பழைய ஆவணங்களை எண்ணிமமாகப் பாதுகாக்கும் நூலகம் நிறுவனத்திடம் சேர்ப்பியுங்கள்.