மௌனப் படங்களும் வீட்டுப் பதிப்புகளும்

ஓலைச்சுவடியிலிருந்து தமிழ் நூல்கள் அச்சேறிய வரலாற்றை அறிந்தோர்க்குப் பாடபேதம், சிதைவு, இடைச்செருகல் ஆகிய சொற்கள் புதியன அல்ல. ஏடெழுதியவன் செய்த பிழை புலவன்மேல் ஏறிவிடும் என்பதைப் பதிப்பாசிரியர்கள் நன்குணர்ந்திருந்தனர். இவ்வுண்மை, திரையில் பேச்சு பிறப்பதற்கு முன் தோன்றிய மௌனப் படங்களுக்கும் பொருந்தும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்த பலர் அப்படங்களை அரங்கில் கண்டாரல்லர். வீட்டுக்கெனப் பதிக்கப்பட்ட படிகளிலேயே கண்டனர். அப்படிகளின் தரமே அக்கலையைப் பற்றிய மதிப்பீட்டையும் அமைத்தது. ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய ‘மெட்ரோபொலிஸ்’ என்னும் ஜெர்மானியப் படம் இதற்குத் தக்க சான்றாகும்.

வீடு வந்த படச்சுருள்

படத்தை வீட்டிலிருந்தே காணும் வழக்கம் வீடியோவோடு தொடங்கியதன்று. பிரான்சின் பாத்தே நிறுவனம் 1922இல் 9.5 மில்லிமீட்டர் சுருளையும், அமெரிக்காவின் கோடக் நிறுவனம் 1923இல் 16 மில்லிமீட்டர் சுருளையும் வீட்டுப் பயனுக்கென வெளியிட்டன. அவற்றில் வந்த படங்கள் பலவும் சுருக்கப்பட்டவை. எனினும் அவற்றின் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆபெல் கான்ஸ் இயக்கிய ‘நெப்போலியன்’ (1927) படத்தின் 9.5 மி.மீ. சுருள்கள் சிலவற்றை 1954இல் பள்ளி மாணவராயிருந்த கெவின் பிரவுன்லோ பெற்றார். அதில் பிறந்த ஆர்வம் அவரது வாழ்நாள் பணியாயிற்று. அவர் மீட்டெடுத்த ஐந்தரை மணி நேர வடிவம் 2016இல் பிரிட்டனில் டி.வி.டி.யாகவும் புளூ-ரே வட்டாகவும் வெளிவந்தது.

1970களின் நடுவில் பீட்டாமேக்ஸ், வி.எச்.எஸ். என்னும் வீடியோ கேசட் முறைகள் வந்தன. அவற்றின் வழியே மௌனப் படங்கள் எளிதில் கிடைத்தன. ஆயின் குறைகளும் உடன் வந்தன. மூலப்படி எதுவெனக் கருதாது, படியின் படியிலிருந்து மேலும் படியெடுத்தனர். அதனால் ஒளியும் நிழலும் ஒன்றாய்க் கலங்கி, முகங்கள் வெண்திட்டுகளாயின. ஓட்டத்தின் வேகம் மற்றொரு குறை. மௌனப் படங்களில் வினாடிக்கு இத்தனை படச்சட்டங்கள் என்னும் ஒரே அளவு இல்லை. 16 முதல் 24 வரை அது வேறுபட்டது. 18 சட்டங்கள் வீதம் பத்து நிமிடம் ஓடவேண்டிய காட்சியை 25 சட்டங்கள் வீதம் ஓட்டினால் ஏறக்குறைய ஏழு நிமிடத்தில் முடிந்துவிடும். துயருற்று நடப்பவளும் துள்ளி ஓடுபவளாய்த் தோன்றுவாள். மௌனப் படமென்றாலே கோமாளித்தனமான விரைவு என்னும் எண்ணம் பரவியதற்கு இத்தகைய படிகள் பெரிதும் காரணமாயின.

சிதைந்த நகரம்

‘மெட்ரோபொலிஸ்’ 1927 ஜனவரி 10 அன்று பெர்லினில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அதன் நீளம் 4189 மீட்டர். வினாடிக்கு 24 சட்டங்கள் வீதம் ஓட்டினால் இரண்டரை மணி நேரம் பிடிக்கும். அவ்வடிவம் நீடிக்கவில்லை. அமெரிக்காவில் பாரமவுண்ட் நிறுவனத்துக்காக நாடகாசிரியர் சானிங் போலக் அதனைக் குறைத்துக் கதையையும் மாற்றினார். ஜெர்மனியிலும் அதே ஆண்டில் ஏறக்குறைய 3240 மீட்டராகச் சுருக்கப்பட்டு மறுவெளியீடு கண்டது.

சுருக்கத்தில் இழந்தது நீளம் மட்டுமன்று. கதையின் உயிர்நிலையே போயிற்று. விஞ்ஞானி ரோட்வாங் காதலித்த ஹெல் என்பவள், நகரத் தலைவன் ஃபிரடெர்சனை மணந்து, மகனைப் பெற்று இறந்துபோகிறாள். அவளை மீண்டும் படைக்கும் வேட்கையே ரோட்வாங் இயந்திரப் பெண்ணை ஆக்குவதற்குக் காரணம். ஹெல் என்னும் பெயர் ஆங்கிலத்தில் நரகத்தைக் குறிக்கும் சொல்லை ஒத்திருந்தமையால் அவள் கதை முழுதும் நீக்கப்பட்டது. அதன்பின் இயந்திரப் பெண்ணின் படைப்புக்குக் காதல் சார்ந்த காரணம் இல்லாமற் போயிற்று. காட்சி பெரிது, கதை பேதைமை என்று இப்படத்தைப் பழித்த பிற்காலத்தவர் பலர் பழித்தது, வெட்டியவர்களின் கதையையே.

அமெரிக்காவில் 1950களில் இப்படத்தின் உரிமை புதுப்பிக்கப்படாது காலாவதியானது. 1996இல் அது மீட்கப்படும்வரை யாரும் அங்கே இதனைப் பதித்து விற்கலாம் என்ற நிலை இருந்தது. மலிவான, மங்கலான கேசட்டுகள் பல அக்காலத்தில் உலவின. 1984இல் இசையமைப்பாளர் ஜார்ஜோ மோரோடர் வண்ணமூட்டி, எழுத்து அட்டைகளைப் பெரிதும் நீக்கி, பாப் பாடல்கள் சேர்த்து ஒரு வடிவம் வெளியிட்டார். ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைந்த அவ்வடிவம் படத்துக்குப் புதிய இரசிகர்களை ஈட்டித் தந்தது உண்மை. அதனை மூலமெனக் கொள்ளுதல் மட்டும் இயலாது.

மீட்பு

மீட்புப் பணி சுவடிப் பதிப்பை ஒத்தே நடந்தது. படப்பிடிப்பின்போதே பல நெகடிவ்கள் உருவாக்கப்பட்டிருந்தமையால் நாட்டுக்கு நாடு படிகள் வேறுபட்டன. அவற்றை ஒப்பிட வேண்டியிருந்தது. காணாத பகுதிகளுக்குப் புறச்சான்றுகள் துணைசெய்தன. 1926ஆம் ஆண்டுத் தணிக்கைச் சீட்டில் எழுத்து அட்டைகளின் வாசகங்கள் இருந்தன. காட்ஃபிரீட் ஹுப்பர்ட்ஸ் இயற்றிய இசைக் குறிப்பேடோ, எந்த இசை எந்தக் காட்சிக்கு உரியது என ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் சுட்டியது. மூனிக் நகரில் என்னோ பட்டாலஸ் தொடங்கிய இப்பணியை, மூர்னாவ் அறக்கட்டளைக்காக மார்ட்டின் கோர்பர் 2001இல் மேலும் முன்னெடுத்தார். மூல நெகடிவிலிருந்து பெற்ற தெளிந்த பகுதிகளோடு அது டி.வி.டி.யாக வந்தபோது, கேசட்டுகளில் புகைமூட்டமாயிருந்த நகரத்தின் கூர்மை வெளிப்பட்டது. ஏறக்குறைய நான்கில் ஒரு பகுதி அப்போதும் கிடைத்திலது.

2008இல் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில் நீண்ட வடிவத்தின் 16 மி.மீ. படி கண்டறியப்பட்டது. தீப்பற்றும் தன்மையுடைய பழைய சுருளிலிருந்து பிற்காலத்தில் எடுத்த படி அது. பழைய கீறல்கள் யாவும் அதில் படமாகவே பதிந்துவிட்டன. படச்சட்டத்தின் விளிம்பும் வெட்டுண்டிருந்தது. எனினும் ஏறத்தாழ 25 நிமிடக் காட்சிகள் அதிலிருந்து மீண்டன. ஹெல்லின் நினைவுச்சிலை மீண்டது. நிழலாய்க் கடந்துபோன தொழிலாளி 11811, ஒற்றன், யோசஃபாத் ஆகியோர் முழு மாந்தராயினர்.

2010இல் வெளிவந்த புளூ-ரே பதிப்பின் நேர்மை போற்றத்தக்கது. மீட்ட காட்சிகளில் கீறல்கள் தெரிகின்றன. வெட்டுண்ட விளிம்பு கருமையாகவே விடப்பட்டுள்ளது. இன்னும் கிடைக்காத காட்சிகளை வேறு எழுத்துருவில் அமைந்த அட்டைகள் விவரிக்கின்றன. பார்ப்பவர் எது மூலம், எது சிதைவு, எது இழப்பு என்று தெளியலாம். புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைத்தில. அவற்றை இட்டுக்கட்டி நிரப்பாது, எண்ணையும் வெற்றிடத்தையும் போற்றிவரும் பதிப்பு நெறியே இங்கும் பின்பற்றப்பட்டுள்ளது.

2023 முதல் ‘மெட்ரோபொலிஸ்’ அமெரிக்காவில் மீண்டும் பொதுவுடைமையாயிற்று. எனவே நல்ல பதிப்போடு குறைப்பதிப்பும் அங்கே சந்தைக்கு வரலாம். எந்தப் படியிலிருந்து எடுத்தது, என்ன வேகம், எவரது இசை, விடுபட்டவை எவை என்று பதிப்புரையில் கூறாத வட்டினை வைத்து ஒரு படைப்பாளியை மதிப்பிடுதல் முறையன்று. பாடம் தேர்ந்து பொருள் காணும் தமிழ் மரபில் வந்தோர், மௌனப் படத்துக்கும் அந்த நீதியை வழங்குதல் வேண்டும்.