பூரணத்தின் பூர்வீகம்

கொழுக்கட்டை என்றாலே நம் வீடுகளில் மேல்மாவைப் பற்றித்தான் கவலை. மாவு சரியாக வெந்ததா, சொப்பு விரிசல் விடாமல் வந்ததா என்பதே கேள்வி. உள்ளே வைக்கும் பூரணத்தைத் தேங்காய், வெல்லம், அவ்வளவுதான் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். ஆனால் சரித்திரம் இருப்பதென்னவோ உள்ளேதான். விநாயகர் சதுர்த்திக்கு முன்னால் அதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

திருச்சிக்காரர்களுக்குக் கொழுக்கட்டை என்றதும் மலைக்கோட்டை நினைவுக்கு வரும். சதுர்த்தி அன்று கீழே மாணிக்க விநாயகருக்கு 75 கிலோ, மேலே உச்சிப் பிள்ளையாருக்கு 75 கிலோ என்று இரண்டு ராட்சதக் கொழுக்கட்டைகள் படைக்கிறார்கள். பச்சரிசி மாவு, வெல்லம், தேங்காய், எள், ஏலக்காய், ஜாதிக்காய், நெய் எல்லாம் கலந்து, துணியில் மூட்டையாகக் கட்டி, மடப்பள்ளியில் மணிக்கணக்காக ஆவியில் வேகவைத்து, தொட்டில்போலக் கட்டித் தூக்கிக்கொண்டு படியேறுகிறார்கள். இதில் பூரணம் என்று தனியாக ஒன்று இல்லை. உள்ளே போக வேண்டியதெல்லாம் மாவோடு கலந்துவிட்டது. 75 கிலோவுக்குச் சொப்பு செய்ய யாரால் ஆகும்!

தமிழில் பூரணம் வைத்த பண்டம் பற்றிய பழைய செய்தி சங்க இலக்கியத்தில் இருக்கிறது. (நம் குடியிருப்போர் சங்கம் அல்ல, மதுரைச் சங்கம்.) பாண்டியன் நெடுஞ்செழியன்மீது மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில், மதுரை நகரத்தின் ஒரு நாள் முழுவதும் வருகிறது. அதில் இரவுப் பகுதியில், அடையும் மோதகமும் விற்கிற கூவியர் என்னும் பண்டம் சுடுவோர், கடையில் உட்கார்ந்தபடியே தூங்கி வழிகிறார்கள். அந்த மோதகத்துக்கு உள்ளீடு உண்டு. அதற்குப் புலவர் சொல்லும் பெயர் ‘கவவு’. பூரணம் என்ற வடசொல் வருவதற்கு முன் நம்மிடம் இருந்த அழகான சொல். ஏன் விட்டுவிட்டோமோ!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மோதகம் நைவேத்தியம் அல்ல, கடைத்தெருவில் விற்ற பண்டம். சங்கப் பாடல்களில் கணபதி வழிபாடு பற்றிய பேச்சே இல்லை. அவர் தமிழ்ப் பாடலில் தெளிவாக வருவது 7ஆம் நூற்றாண்டில், சம்பந்தர் தேவாரத்தில்தான். அதாவது நம் ஊரில் மோதகம் முதலில் வந்தது, மோதகக்கையர் பிறகு வந்தார். ‘இது சாமிக்கு உள்ளது, இப்படித்தான் செய்ய வேண்டும்’ என்று நாம் சொல்லும் பல விதிகள் அப்புறம் சேர்ந்தவை.

சரி, அந்தக் கவவுக்குள் என்ன இருந்தது? 14ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் நச்சினார்க்கினியர், பருப்பும் தேங்காயும் உள்ளீடு, அதோடு சர்க்கரை கூட்டியது என்று விளக்கம் தருகிறார். அது அவர் காலத்துச் சமையலறையாகவும் இருக்கலாம். எப்படியானாலும் குறைந்தது 600 ஆண்டுப் பழைய பூரணக் குறிப்பு அது. இந்த உரையோடு பத்துப்பாட்டை 1889இல் அச்சில் கொண்டுவந்தவர் உ.வே. சாமிநாதையர். அவருடைய ஆசிரியர் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்பதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு.

பருப்பும் தேங்காயும் சேர்ந்தே இருந்தன என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இப்போது இரண்டும் தனித்தனியாகிவிட்டன. கொழுக்கட்டைக்குள் பெரும்பாலும் தேங்காய் மட்டும். கடலைப்பருப்புப் பூரணம் போளிக்கும் டீக்கடைச் சுழியத்துக்கும் போய்விட்டது. ஆந்திரத்தில் பூர்ணம் பூரெலு என்ற பெயரில் அது இன்னமும் பண்டிகைப் பண்டம். நம் பிள்ளைகளில் பலருக்குக் கொழுக்கட்டைக்குள் பருப்பு வைப்பார்கள் என்பதே தெரியாது. கடையில் வாங்கும் கொழுக்கட்டையில் உலர்ந்த தேங்காய்த் தூளும் சர்க்கரையும்தான் அதிகம். அது ஒன்றையே தின்று வளர்ந்தால் இன்னும் இருபது வருடத்தில் அதுதான் பாரம்பரியம் என்று ஆகிவிடும்.

உப்புக் கொழுக்கட்டையின் கதை வேறு. உளுந்தை ஊறவைத்து, காய்ந்த மிளகாய், உப்பு, பெருங்காயத்தோடு கொரகொரப்பாக அரைத்து, இட்லிபோல வேகவைத்து உதிர்த்து, கடுகு கறிவேப்பிலை தாளிக்கிறோம். இதில் மிளகாய் போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. அதற்கு முன் காரத்துக்கு மிளகுதான். பிள்ளையார் புது வரவை வேண்டாம் என்று சொல்லவில்லை.

வேறு மதத்தாரும் இதே பண்டத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கு முன் ஐம்பது நாள் இறைச்சி, மீன், முட்டை விலக்கி நோன்பு இருப்பார்கள். அதில் குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய நாளுக்குப் பெயரே கொழுக்கட்டைச் சனி. உள்ளே தேங்காயும் வெல்லமும்தான், நம் வீட்டுப் பூரணமேதான். தமிழ் முஸ்லிம் வீடுகளில் அதே அரிசி மாவு தக்கடியாகிக் கறிக்குழம்பில் வேகிறது.

இன்னும் தூரம் போனால் ஜப்பான். பௌத்தத்தோடு சீனா வழியாக விநாயகர் அங்கே போய், காங்கிதென் என்ற பெயரில் இருக்கிறார். அவருக்குப் படைப்பது கான்கிதான். மாவைச் சுருக்குப்பைபோல மடித்து, நல்லெண்ணெயில் பொரிப்பது. கியோட்டோவில் 1617இல் தொடங்கிய காமேயா கியோநாகா என்ற கடையில் இன்றும் கிடைக்கிறது. முன்பு உள்ளே பழங்களும் கொட்டைகளும் வைத்தார்களாம், இப்போது வாசனைப் பொருள் சேர்த்த சிவப்புப் பயறு விழுது. வெல்லமும் தேங்காயும் இல்லாத ஊரில் அந்த ஊர் விளைச்சலை வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

இனி கைவேலைக்கு வருவோம். பருப்பு, தேங்காய் இரண்டும் சேர்ந்த பூரணத்துக்கு ஒரு கப் கடலைப்பருப்பு, ஒரு கப் பொடித்த வெல்லம், அரை கப் தேங்காய்த் துருவல். பருப்பை ஊறவைத்து, விரலால் நசுக்கினால் மசியும் பதத்தில் வேகவிட வேண்டும், குழையக் கூடாது. தண்ணீரைச் சுத்தமாக வடித்து (அதை ரசத்துக்கு வைத்துக்கொள்ளலாம்), தண்ணீர் விடாமல் அரைக்க வேண்டும். வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டுவது அவசியம், கல்லும் மண்ணும் இல்லாத வெல்லத்தை நான் பார்த்ததில்லை. பாகு கொதித்ததும் தேங்காய், பிறகு பருப்பு. ஒரு ஸ்பூன் நெய் விட்டு, கையில் ஒட்டாமல் உருட்ட வரும்வரை கிளற வேண்டும். ஈரம் நின்றால் கொழுக்கட்டை ஆவியில் வாய் பிளந்துவிடும்.

வாசனைதான் பூரணத்தின் உயிர். ஏலக்காயை அடுப்பை அணைத்த பிறகு போட வேண்டும், கொதிக்கும்போது போட்டால் மணம் ஆவியோடு போய்விடும். மலைக்கோட்டை வழியில் ஜாதிக்காயை இரண்டு இழைப்பு இழைத்தால் போதும், அதிகமானால் கசக்கும். வறுத்த எள் ஒரு ஸ்பூன் என் சிபாரிசு. தேங்காயும் வெல்லமும் பொன்மலை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலேயே கிடைக்கும்.

பொன்மலைக் குடியிருப்பே பல ஊர்ப் பக்குவம் கலந்த இடம். 1928இல் ரயில்வே பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்தபோது குடும்பங்களும் கூட வந்தன. அவர்கள் பேரப்பிள்ளைகள் சிலர் நம் கட்டடத்திலும் இருக்கிறார்கள். இந்தச் சதுர்த்திக்குக் கொழுக்கட்டையை மொத்தமாக வெளியில் ஆர்டர் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. மேல்மாவு வேலை பெரிது, அதனால் சொப்பை வேண்டுமானால் ஆள் வைத்துச் செய்துகொள்ளலாம். பூரணம் மட்டும் நம் வீடுகளிலிருந்து வரட்டும். தேங்காய், பருப்பு, உளுந்து, அல்லது உங்கள் பாட்டி செய்த வேறு எதுவானாலும் சரி, என்ன பூரணம், எவ்வளவு என்று எழுதி ஒரு வாரம் முன்னதாகச் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.