வண்டியின் உயரம் என்ன?

மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட ஊருக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு அந்த வேனைத் தெரியும். இருபத்தோரு பேர் உட்கார வேண்டிய வண்டியில் இருபத்தேழு பேர். கால் வைக்கிற இடத்தில் கேஸ் சிலிண்டர், பக்கத்தில் அண்டா, அண்டாவுக்குள் குழந்தைகளின் மாற்றுத்துணி. கூரைமேல் கேரியரில் ஜமக்காளம், அரிசி, தேங்காய் மூட்டை, வாடகைக்கு எடுத்த பெரிய அடுப்பு. எல்லாவற்றையும் மூடி ஒரு நீலத் தார்ப்பாய். இரண்டு நாள் அதில்தான் வாழ்க்கை. சமைப்பது வண்டி நிழலில், தூங்குவது வண்டிக்குள். அமெரிக்காவில் ஆர்.வி. என்று ஒன்று உண்டு. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே வைத்த நடமாடும் வீடு. கழிப்பறையை விட்டுவிட்டுப் பார்த்தால் நம்ம குலசாமி வேனும் அந்த இனம்தான்.

எங்களுக்கு மதுரை மாவட்டம் பேரையூர் பக்கம். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு வழி எளிது. நான்குவழிச் சாலையில் மதுரையைத் தாண்டித் திருமங்கலம், அங்கே மேற்கே பிரிகிற கொல்லம் ரோட்டில் டி.கல்லுப்பட்டி, அங்கிருந்து வலதுபக்கம் சில கிலோமீட்டர். டிரைவர் அண்ணனுக்கு இந்தப் பக்கம் புதுசு. நான் சாஃப்ட்வேர்க்காரன் என்பதால் வழி சொல்லும் வேலை தானாக என் தலையில் விழுந்தது.

ராத்திரி ஒரு மணி இருக்கும். போனில் இருந்த செயலி, ஏழு நிமிடம் மிச்சமாகும் என்று ஒரு கிளைச்சாலையைக் காட்டியது. ஏழு நிமிடத்தை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் என்ன செய்யப்போகிறோம் என்று யாருக்கும் தோன்றவில்லை. "திருப்புங்கண்ணே" என்றேன். ரோடு குறுகிக்கொண்டே போனது, இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். பிறகு ஒரு இறக்கம். ஹெட்லைட் வெளிச்சத்தில் ரயில் பாதைக்கு அடியில் ஒரு கான்கிரீட் பெட்டி தெரிந்தது. அதற்கு முன்னால் குறுக்கே, மஞ்சளும் கறுப்பும் அடித்த ஒரு இரும்புக் கட்டை. டிரைவர் அண்ணன் பிரேக்கை மிதித்தார். கிளீனர் பையன் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"வண்டி போயிரும்ணே. அடுப்பு போகாது."

மழை பெய்து மாதக்கணக்காகியும் உள்ளே தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஆழம் தெரியவில்லை. பெரியப்பா பின்சீட்டிலிருந்து, என்னைப் படிக்க வைத்த செலவைப் பற்றி ஏதோ சொன்னார். நான் இறங்கி, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, வண்டியைப் பின்னாலேயே நடத்திக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்து சேர்ந்தேன். போன் அதுவரைக்கும் விடாமல் "நேராகச் செல்லவும்" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அது பொய் சொல்லவில்லை. ரோடு நேராகத்தான் போனது. ஆனால் கிளம்பும்போதே கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை அது கேட்கவே இல்லை: வண்டியின் உயரம் என்ன?

*

ஊர் திரும்பியதும் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்க ஆரம்பித்தேன். எந்த வழிகாட்டியும் எல்லோருக்கும் வழி காட்டுவதில்லை. அதைச் செய்தவர்கள் மனதில் ஒரு பயணி இருக்கிறார், மற்றவர்கள் அந்த ஆளுக்குப் பின்னால் தொற்றிக்கொண்டு போகிறார்கள்.

நம்ம பக்கத்தில் இதற்கு நல்ல உதாரணம் சுமைதாங்கிக் கல். 1689 முதல் பதினேழு வருடம் போல மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் பெயரில் தெற்கே இன்றும் சாலை சொல்கிறார்கள். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம் நிற்கிறது. அந்தக் காலச் சாலையோரங்களில் நின்றவைதான் சுமைதாங்கிகள். இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றைக் குறுக்கே வைத்தது. தலைச்சுமையோடு வருகிற ஆள் இன்னொருவர் துணையில்லாமல் இறக்கி வைத்து, மறுபடி தானே ஏற்றிக்கொள்ளத் தோதான உயரம். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்களின் நினைவாக நட்டது அவற்றில் நிறைய. அந்தச் சாலையைப் போட்டவர்களுக்கு, அதில் போகிறவரின் உடம்பு எவ்வளவு உயரம் என்று தெரிந்திருக்கிறது.

அடுத்து வந்தவர் வில்லியம் லாம்டன். திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்த பிறகு கம்பெனியின் கையில் தென்னிந்தியா பெரும்பாலும் வந்துவிட்டது, ஆனால் எது எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரியாது. 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை இரும்புச் சங்கிலி வைத்து அளந்தார். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கட்டிக்கொண்டு போனதுதான் பின்னால் இமயமலை வரை சென்ற மாபெரும் நில அளவை.

அவருடைய தியோடலைட் கருவி அரை டன் எடை. மலையிருக்கிற ஊரில் மலைமேல் ஏற்றலாம். காவிரிச் சமவெளியில் என்ன செய்வது? எங்கு பார்த்தாலும் மரங்கள் மறைக்கும். அதனால் கோயில் கோபுரங்களின்மேல் ஏற்றினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் தன் கையாலேயே அதைத் தட்டிச் சரிசெய்தார். கோடிங் பிழை திருத்தி விடிந்த இரவுகளில் நான் நினைத்துக்கொள்கிற ஆள் அவர். ஆனால் அவர் மனதில் இருந்த பயணி பட்டாளமும் வரி வசூலும்தான். தலைச்சுமைக்காரர் இல்லை.

லாம்டனின் அளவுகளையும், அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட்டின் அளவுகளையும் வைத்து 1830இல் பூமிக்கு ஒரு வடிவக் கணக்கு போட்டார்கள். இந்தியாவுக்குப் பொருந்தும்படி வெட்டித் தைத்த சட்டை மாதிரி அது. சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய வரைபடங்களெல்லாம் அந்தக் கணக்கில்தான். ஜி.பி.எஸ். உலகம் முழுமைக்கும் தைத்த வேறு சட்டையைப் போட்டிருக்கிறது. பழைய தாளிலிருந்து ஒரு கிணற்றின் அட்சரேகை தீர்க்கரேகையை எடுத்து அப்படியே போனில் போட்டால், நூறு மீட்டர் அளவுக்குத் தள்ளிப்போய் அடுத்தவர் தோட்டத்தில் நிற்போம். அந்தத் தாள்களும் எல்லோர் கைக்கும் கிடைக்காது. 2005 தேசிய வரைபடக் கொள்கைதான் ராணுவத்துக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்தது. இந்திய நிறுவனங்கள் முன்அனுமதி இல்லாமல் வரைபடத் தரவைச் சேகரிக்கலாம் என்று ஆனது 2021 பிப்ரவரியில்.

*

காருக்குள் வரைபடம் நுழைந்த கதை ஜி.பி.எஸ்.ஸுக்கு முந்தியது. 1981இல் ஹோண்டா ஒரு சாதனம் விற்றது. வண்டி எவ்வளவு தூரம் போனது, எந்தப் பக்கம் திரும்பியது என்று கைரோவை வைத்துக் கணக்குப் போடும். 1985இல் அமெரிக்காவில் வந்த ஈட்டாக், வரைபடத்தை கேசட்டில் வைத்திருந்தது. பாட்டு கேசட் மாதிரிதான். ஊர் தாண்டினால் கேசட்டை மாற்ற வேண்டும். பசிபிக் தீவுக்காரர்கள் நட்சத்திரத்தையும் தீவையும் வைத்துக் கடலில் வழி கண்டுபிடிக்கும் முறையின் பெயர் ஈட்டாக். அதையே வைத்துக்கொண்டார்கள்.

ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்தின் பிள்ளை. முதல் செயற்கைக்கோள் 1978இல். 1983 செப்டம்பரில் வழிதவறி சோவியத் வான்வெளிக்குள் போன கொரிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்த பிறகுதான் பொதுமக்களும் பயன்படுத்தலாம் என்று ரீகன் அரசு அறிவித்தது. அப்போதும் நமக்குக் கிடைத்த சிக்னலை வேண்டுமென்றே கலங்கலாக வைத்திருந்தார்கள், நூறு மீட்டர் வரை பிசகும். 2000 மே மாதத் தொடக்கத்தில் ஒரே இரவில் அந்தக் கலங்கலை நிறுத்தினார்கள். இன்று சந்துபொந்தெல்லாம் போன் சொல்வதற்கு அந்த இரவு முக்கியக் காரணம். நம்முடைய நாவிக்கின் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலையில் போனது.

அது வேலை செய்யும் விதம் தெரிந்திருந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். நாலு செயற்கைக்கோளாவது அனுப்பும் நேரத்தை வாங்கி, அது வந்து சேர எடுத்த தாமதத்தை வைத்து நாம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறது, அவ்வளவுதான். இதற்கு நெட் தேவையில்லை. நெட் தேவைப்படுவது வரைபடத்துக்கு. சாப்டூர் தாண்டி மலையடிவாரத்தில் டவர் போனதும் "ஜி.பி.எஸ். போச்சு" என்பார்கள். போனது படம். வீட்டு வைஃபையிலேயே படத்தை இறக்கி வைத்துக்கொண்டால் நீலப்புள்ளி மலைக்குள்ளும் நகரும்.

இன்னொன்று, இந்தக் கணக்கில் உயரம் பலவீனமானது. தரையில் சில மீட்டர் துல்லியம் கிடைக்கும்போது, மேலே கீழே என்பதில் அதைவிட அதிகம் பிசகும். மதுரை நத்தம் ரோட்டில் 2023இல் திறந்த ஏழு கிலோமீட்டர் பறக்கும் பாலத்தில் மேலே போகிறோமா கீழே போகிறோமா என்று போன் தடுமாறுவது இதனால்தான். கூகுள் இந்தியாவில் மேம்பாலத்தைத் தனியாகக் காட்டத் தொடங்கியதும், காருக்குக் குறுகலான ரோடுகளைத் தவிர்க்கத் தொடங்கியதும் 2024இல். குறுகல் ரோடு வசதிக்கு முதலில் எடுத்த எட்டு நகரங்களில் தமிழ்நாட்டில் சென்னையும் கோவையும். பேரையூருக்கு எப்போது வருமோ.

ஆக, போன் செயலியின் மனதில் இருக்கிற பயணி யார்? நகரத்தில், காரில், தனியாக, அவசரமாகப் போகிறவர். அடுப்பைக் கூரையில் கட்டிய குடும்பம் அந்தக் கணக்கில் இல்லை.

ஆர்.வி.க்காரர்களுக்கும் லாரிக்காரர்களுக்கும் என்று தனியாக விற்கும் ஜி.பி.எஸ். கருவிகள் முதலில் வண்டியைப் பற்றித்தான் விசாரிக்கும். உயரம், அகலம், நீளம், எடை. பிறகு தாழ்ந்த பாலத்தையும் எடை தாங்காத பாலத்தையும் தவிர்த்து வழி போடும். அங்கும் அடிபடுகிறவர்கள் உண்டு. அமெரிக்காவின் டர்ஹாம் ஊரில் பதினோரு அடி எட்டு அங்குல ரயில் பாலம் ஒன்று, வருகிற லாரிகளின் கூரையை உரித்தே இணையத்தில் பிரபலமானது. 2019இல் எட்டு அங்குலம் தூக்கிக் கட்டினார்கள். இன்னமும் இடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நம் ஊரில் இந்தச் சிக்கல் புதுசு. 2019 ஜனவரிக்குள் அகலப் பாதைகளில் ஆளில்லா லெவல் கிராசிங்குகள் எல்லாவற்றையும் ரயில்வே ஒழித்தது. வேன்களும் டிராக்டர்களும் ரயிலில் அடிபட்ட காலம் நினைவிருப்பவர்களுக்கு அது எவ்வளவு நல்ல காரியம் என்று தெரியும். நிறைய இடங்களில் பதிலுக்கு வந்தவை சுரங்கப்பாதைகள். பொறியாளர்கள் அதற்கு வைத்த பெயரே 'வரம்புள்ள உயரச் சுரங்கப்பாதை'. எச்சரிக்கை பெயரிலேயே இருக்கிறது. வரைபடத்தில் ஏறியது ரோடு மட்டும், வரம்பு ஏறவில்லை. தண்ணீரும் ஏறவில்லை. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் அப்படி ஒரு சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் சிக்கி ஒரு பெண் மருத்துவர் இறந்துபோனார். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் செயலி காட்டிய வழியில் போன கார், முடிவில்லாத ஒரு பாலத்திலிருந்து ராம்கங்கா ஆற்றுப்படுகையில் விழுந்து மூன்று பேர். எங்கள் அடுப்பு தப்பித்தது டிரைவர் அண்ணனின் வலது காலால்.

*

இப்போது வேன் எடுக்கும்போது நான் செய்வது இது. கேரியரில் எல்லாம் கட்டி முடித்த பிறகு டேப்பைப் பிடித்து அளக்கிறேன். கம்பெனிக்காரர் தாளில் போட்டிருக்கும் உயரத்தில் நம்ம அடுப்பு சேர்ந்திருக்காது. ஓஎஸ்எம்ஆண்ட் மாதிரி லாரி அளவு கேட்கும் செயலியில் அதைப் போடுகிறேன். 'குறைந்த தூரம்' என்பதைத் தொடுவதே இல்லை. ஊர்ப் பெயரை மட்டும் தட்டாமல் மாவட்டத்தையும் சேர்த்துப் போடுகிறேன், ஏனென்றால் பேரையூர் மதுரையில் ஒன்று, புதுக்கோட்டையில் ஒன்று, ராமநாதபுரத்தில் கமுதிப் பக்கம் ஒன்று. அந்தச் சிவராத்திரிக்கே காரில் தனியாகக் கிளம்பிய என் சித்தப்பா விடிகாலையில் புதுக்கோட்டைப் பேரையூர் நாகநாதர் கோயில் மதில் ஓரம், வரிசையாய் நட்ட கல்நாகங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு எங்களுக்கு போன் போட்டார். "யாரையும் காணோம்" என்றார்.

ஆனால் எவ்வளவு நல்ல செயலியானாலும், யாரோ ஒருவர் போய் அளந்து எழுதாத உயரம் அதற்குத் தெரியாது. ஓஎஸ்எம்ஆண்ட் எடுக்கும் வரைபடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கி, யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்று திறந்து வைத்தது. அதில் ஒரு ரோட்டுத் துண்டுக்கு 'அதிகபட்ச உயரம்' என்று ஒரு கட்டம் உண்டு. எங்களைத் திருப்பி அனுப்பிய சுரங்கப்பாதையைத் தேடிப் பார்த்தேன். கட்டம் காலியாக இருந்தது.

அடுத்த மாதம் ஊரில் ஒரு விசேஷம். பைக்கை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். பகலில் பார்த்தால் சாதுவான இடம், உள்ளே இரண்டு ஆடு நிழலுக்குப் படுத்திருந்தது. கட்டைக்குப் பக்கத்தில் இருந்த பலகையில் எண் அழிந்துபோயிருந்தது. டேப்பை ஒரு நீளக் கம்பில் கட்டி நிமிர்த்தி மூன்று தடவை அளந்தேன். ஆட்டுக்காரப் பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"சர்வேயா தம்பி? நெலம் எடுக்கப் போறாகளா?"

இல்லை, பாலத்தின் உயரத்தை போனில் ஏற்றப்போகிறேன் என்று விளக்கினேன். அவர் என் டேப்பையும் போனையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அது கெடக்கட்டும். அந்தத் தண்ணி வடியுறதுக்கு என்ன வழின்னு அதுல எழுதிப் போடு."