மெட்டு இரவல், குரல் சொந்தம்

ஹட்டனிலிருந்து புறப்படும் புகையிரதம் சிங்கமலைச் சுரங்கத்தைக் கடந்ததும் கொட்டகலையை வந்தடைகின்றது. இருமருங்கும் தேயிலை மலைகள். அவற்றின் மடியில் லயங்கள். இம்மலைகளில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் செழித்த ஒரு பாட்டு முறையைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். ஊரறிந்த மெட்டொன்றை எடுத்து, அதன் பழைய சொற்களை விலக்கிப் புதிய சொற்களை அமைத்து, அமைத்த கவிஞரே மக்கள் முன் நின்று பாடுவதே அம்முறையாகும்.

தமிழுக்கு இது புதியதன்று. காவடிச்சிந்து, நொண்டிச்சிந்து, கும்மி என மக்கள் நாவில் ஏற்கெனவே இருந்த வடிவங்களில் தேசியக் கருத்துகளைப் பாடியவர் பாரதியார். சென்னைக் கடற்கரைக் கூட்டங்களில் தம் பாடல்களைத் தாமே உரத்த குரலில் பாடவும் செய்தார். மெட்டு தெரிந்ததாயிருந்தமையால், கேட்போர் மனம் நேரே பொருளை நாடிச் சென்றது.

மலையகத்தில் இம்முறைக்குத் தேவை இன்னும் மிகுதியாயிருந்தது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் தெம்மாங்கையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் காமன் கூத்தையும் உடன் கொண்டுவந்தனர். எழுத்தறிவோ அவர்களுட் பலருக்குக் கிட்டவில்லை. தோட்ட எல்லைக்குள் வெளியார் நுழைவதும் தடுக்கப்பட்டிருந்தது. தொழிலாளர் நிலையை நேரிற் கண்டறிய விரும்பிய கோ. நடேசய்யர், புடவை வியாபாரியாக வேடமிட்டே தோட்டங்களுட் புகுந்தார் என்பது வரலாறு.

1931ஆம் ஆண்டில் நடேசய்யர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். ஹட்டன் அதன் நிலைக்களமாயிற்று. 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மை கவிஞர். பத்திரிகைப் பணியிலும் கணவருக்குத் துணைநின்றவர். தொழிலாளர் கூட்டங்களிற் பாரதி பாடல்களையும் தாம் இயற்றிய பாடல்களையும் அவர் பாடினார். பெண்ணொருவர் மேடையேறிப் பாடுவது அரிதாயிருந்த அக்காலத்தில், கொழுந்து பறிக்கும் பெண்களின் கூட்டத்திற்கு அக்குரல் எத்துணை நெருக்கமாக ஒலித்திருக்கும்! கூட்டம் கலைந்து லயத்துக்குத் திரும்புவோர் பேச்சை மறக்கலாம். பழகிய மெட்டில் ஏறிய சொற்களை எளிதில் மறவார். பேச்சாளர் நுழைய முடியாத தோட்டத்திற்குள் பாட்டு நுழைந்துவிடும். எந்தக் காவற்காரனாலும் அதைத் தடுக்க இயலாது.

1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிகளாயிருந்த இந்தியர் வேலைநீக்கத்துக்கு ஆளாயினர். மறு ஆண்டில், 1940இல், மீனாட்சி அம்மையின் "இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை" என்னும் பாடல் நூல் வெளிவந்தது. உழைத்த நாட்டில் தமக்கு உரிமை உண்டா என்ற கேள்வி அன்று வீட்டுக்கு வீடு எழுந்திருந்தது. அக்கேள்விக்குப் பாட்டு வடிவந் தந்ததே அந்நூலின் சிறப்பு. 1947இல் கொட்டகலை தனித் தொகுதியாகத் தன் பிரதிநிதியைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டமும் மலையக மக்களிற் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. பாட்டு முன்னரே எச்சரித்த ஆபத்து மெய்யாயிற்று.

பின்னர், மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, மலையக மக்கள் வாய்மொழியாகப் பாடிவந்தவற்றைத் தேடித் தொகுத்து நூலாக்கினார். ஏடேறாத பல பாடல்கள் அவர் முயற்சியால் அழியாது தப்பின.

ஆயினும் அச்சு ஒன்றைக் காப்பாற்றும், மற்றொன்றைக் கைவிடும். இன்ன மெட்டிற் பாடுக என்று ஒரு பாடலின் தலைப்பிற் குறித்திருந்தாலும், அம்மெட்டை அறிந்தவர் மறைந்தால் அக்குறிப்பு ஊமையாகிவிடும். எவ்வடியிற் குரல் உயர்ந்தது, எவ்விடத்திற் பாட்டு நின்று பேச்சாயிற்று என்பதை எழுத்துச் சொல்வதில்லை. மெட்டு இரவலாயினும், அதற்கு உயிரூட்டியது கவிஞரின் சொந்தக் குரலன்றோ?

ஆகவே, கொட்டகலையிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய மெட்டுகளை அறிந்த முதியோர் இருப்பின், அவர்களைப் பாடச் செய்து ஒலிப்பதிவு செய்வது இன்றைய தலைமுறையின் கடன். கருவி இன்று எல்லோர் கையிலும் இருக்கின்றது. நாளைக்கென்று தள்ளிவைக்கத்தான் காலம் இல்லை.